மணல் தொட்டியை விட்டு வராத சிறுவன்: ஒரு நர்சரி வகுப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையை ஒட்டி, யானைமலை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் உள்ள ஒரு சிறிய தனியார் நர்சரிப் பள்ளியில், ஒரு கல்வியாண்டின் ஜூன் முதல் ஏப்ரல் வரை நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். பள்ளியையும் குடும்பத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். நான் அப்பள்ளியின் ஆசிரியர் அல்லேன். மாதம் இருமுறை சென்று, வகுப்பறையில் ஓரமாக அமர்ந்து கவனித்து, பிறகு ஆசிரியர்களோடு கலந்து பேசும் பயிற்சியாளர். கீழே வரும் தவறுகளில் முதன்மையானது என் அறிவுரையிலிருந்து பிறந்தது என்பதால், இதை நானே எழுதுவதுதான் முறை.

அந்த ஆண்டுக்கு முன்புவரை எல்.கே.ஜி. வகுப்பு, நம் ஊர்களில் வழக்கமாக இருப்பது போலவே இருந்தது. நான்கு வயதுக் குழந்தைகள் வரிசையாக அமர்ந்து, கோடு போட்ட நோட்டில் ஒரே எழுத்தைப் பக்கம் முழுவதும் எழுதுவார்கள். மாலையில் வீட்டுப்பாடமும் உண்டு. ஓராண்டுக் காலப் பேச்சுக்குப் பிறகு, காலை ஒன்பதரை முதல் பதினொன்றரை வரையிலான இரண்டு மணி நேரத்தைக் குழந்தைகளின் விருப்பத்துக்கு விட்டுவிட நிர்வாகம் இசைந்தது. மணல் தொட்டி, தண்ணீர் மூலை, மரக்கட்டைகள், களிமண், படம் வரையும் இடம், கதைப் பாய், தாழ்வான அலமாரியில் மாண்டிசோரி வகைக் கருவிகள் சில என வகுப்பறை மாற்றியமைக்கப்பட்டது. எங்கே போவது, எவ்வளவு நேரம் இருப்பது, யாரோடு சேர்வது என்பதைக் குழந்தையே முடிவு செய்யும். வகுப்பில் 21 குழந்தைகள். ஒரு ஆசிரியை, ஓர் உதவியாளர். உதவியாளரைக் குழந்தைகள் 'ஆயாம்மா' என்று அழைப்பார்கள்.

ஆசிரியைக்கு நான் கொடுத்த அறிவுரைகள் இரண்டே: குழந்தையை எதற்கும் வற்புறுத்த வேண்டாம், குழந்தை எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதை நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதுங்கள். குறிப்பேட்டில் குழந்தையின் பெயர், சென்ற இடம், செய்தது என மூன்று கட்டங்கள் இருந்தன. அவற்றில் எதை விட்டுவிட்டோம் என்பது செப்டம்பர் வரை எனக்குப் புரியவில்லை.

ஜூன், ஜூலை: நல்ல தொடக்கமாகத் தெரிந்தது

இந்த ஆய்வின் மையத்தில் உள்ள சிறுவன் சேர்ந்தபோது அவனுக்கு நான்கு வயது மூன்று மாதம். தந்தை லோடு ஆட்டோ ஓட்டுநர். விடியற்காலையில் மல்லிகைப்பூ மூட்டைகளை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் மற்ற சவாரிகளுக்குப் போவார். தாய் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். பகலில் சிறுவனைப் பார்த்துக்கொள்வது அப்பத்தா.

முதல் வாரத்திலேயே அவன் மணல் தொட்டியைத் தனதாக்கிக்கொண்டான். சிரட்டையால் மணலை அள்ளி, ஈரப்படுத்தி, வாய்க்கால் வெட்டி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, கரையை உயர்த்தி, மறுபடியும் ஊற்றுவான். நாற்பது நிமிடம் தலை நிமிராமல் இருப்பான். ஜூலை முதல் வாரத்தில் நான் அமர்ந்து கவனித்த நாளில், அவனுக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள் கட்டைக் கோபுரத்தைச் சரித்துக் கூச்சலிட்டும் அவன் திரும்பவில்லை. அதை 'ஆழ்ந்த ஈடுபாடு' என்று என் குறிப்பில் எழுதி, மாலைக் கூட்டத்தில் மற்ற ஆசிரியைகளுக்கு எடுத்துக்காட்டாகவும் சொன்னேன். பின்னாளில் அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட கூச்சத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை.

ஆகஸ்ட்: வராதவை

ஆடிக் காற்றோடு வகுப்பில் பலருக்கும் சளி பிடித்தது. இவனுக்கு அது மூன்று வாரமாக விடவில்லை; வாயைத் திறந்தே மூச்சு விட்டான். கதைப் பாய்க்கு அவன் முன்பும் அடிக்கடி வந்தவன் அல்லன். ஆகஸ்டில் அறவே நின்றுவிட்டான். பாட்டு நேரத்தில் மற்றவர்களின் கையசைவைப் பார்த்து அரை நொடி பின்தங்கிக் கையை ஆட்டுவான், வாய் அசையாது. ஆகஸ்ட் மாதக் குறிப்புகளில் ஒரே வாக்கியம் மீண்டும் மீண்டும் வருகிறது: 'கதைக்கு வர விருப்பமில்லை. வற்புறுத்தவில்லை.'

ஆசிரியை தன் கடமையைச் சரியாகவே செய்தார். நான் சொன்னபடியே எழுதினார். ஆனால் 'விருப்பமில்லை' என்பது கண்ணால் கண்டது அன்று, கண்டதற்கு நாம் கொடுத்த விளக்கம். 'வரவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தால், ஏன் என்ற கேள்விக்கு இடம் இருந்திருக்கும். பழைய முறையில் இயங்கும் வகுப்பாக இருந்தால் அந்த ஆசிரியை அவனைக் கையைப் பிடித்து அழைத்து உட்கார வைத்திருப்பார், கேள்வி கேட்டிருப்பார், பதில் வராததைக் கண்டு எரிச்சலாவது பட்டிருப்பார். அந்த எரிச்சலிலிருந்துகூட ஒருவேளை உண்மை முன்னதாகவே வெளிப்பட்டிருக்கும். குழந்தையின் தேர்வுக்கு மதிப்புக் கொடுத்த எங்கள் வகுப்பில் அவனுடைய ஒதுங்கலுக்கு ஒரு கௌரவமான பெயர் கிடைத்துவிட்டது.

உதவியாளர் ஆகஸ்டிலேயே ஒன்றைச் சொல்லியிருக்கிறார். "அவன ரெண்டு தடவ கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கிறான் டீச்சர், தோளத் தொட்டாத்தான் பாக்குறான்" என்பதே அது. மணலில் மூழ்கிவிட்டான் என்று ஆசிரியை பதில் சொன்னாராம். குறிப்பேட்டில் எழுதும் உரிமை ஆசிரியைக்கு மட்டுமே என்று நாங்கள் வகுத்திருந்ததால், அந்தச் சொல் எங்கும் பதிவாகவில்லை. நாளெல்லாம் குழந்தைகளின் கையையும் முகத்தையும் கழுவி, சோறூட்டி, செருப்பு மாட்டிவிடுபவர் அவர். குழந்தைகளை மிக அருகில் பார்ப்பவரும் அவரே.

செப்டம்பர்: ஒலிப் பெட்டிகள்

அலமாரியில் ஒலிப் பெட்டிகள் என்றொரு கருவி உண்டு. ஒரே அளவான, மூடிய ஆறு இணை டப்பாக்களைக் குலுக்கிப் பார்த்து, ஒரே ஒலி தரும் இரண்டை இணை சேர்க்க வேண்டும். விலைக்கு வாங்காமல் ஆசிரியைகளே செய்தார்கள்: புளியங்கொட்டை, கூழாங்கல், அரிசி, கேழ்வரகு, ரவை, சலித்த மணல். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில், மழையால் மணல் தொட்டி நனைந்திருந்த ஒரு நாள், சிறுவன் அந்த டப்பாக்களிடம் வந்தான். புளியங்கொட்டையையும் கூழாங்கல்லையும் தயங்காமல் இணை சேர்த்தான். அரிசியைக் காதருகே வைத்து வேகமாகக் குலுக்கி, சற்றுத் தடுமாறிச் சேர்த்தான். மற்ற மூன்று இணைகளையும் ஒருமுறை குலுக்கிவிட்டு, வெற்று டப்பா என்பது போலக் கீழே வைத்துவிட்டான். சளி விட்டிருந்த நாள் அது. அவனை விட இளைய ஒரு சிறுமி, அவன் வைத்துவிட்டுப் போன கேழ்வரகு டப்பாவை எடுத்துக் குலுக்கிச் சிரித்தாள்.

அன்று நான் அங்கே இருந்தது தற்செயல். மாண்டிசோரி முறையைப் பயிற்றுவிக்கும் எவருக்கும் தெரிந்த ஒரு வரலாறு அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருத்துவரான மரியா மாண்டிசோரி, 1907-இல் ரோமின் சான் லொரென்சோ குடியிருப்பில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறக்கும் முன்பே, ழான் இத்தார், எதுவார் செகான் ஆகிய இரு பிரெஞ்சு மருத்துவர்களின் எழுத்துகளை ஊன்றிப் படித்திருந்தார்; அவர்களில் இத்தார் பாரிசில் காது கேளாதோர் நிறுவனத்தில் பணியாற்றியவர். குழந்தையின் புலன்களைச் சோதித்தறியும் மருத்துவக் கண்ணிலிருந்துதான் குழந்தையைப் பின்தொடரும் இந்தக் கல்விமுறை கிளைத்தது. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் நமக்கு அண்மையில் கொடைக்கானலிலேயே தங்கிப் பணியாற்றியவர் அவர். நாங்கள் அவருடைய கருவிகளை எடுத்துக்கொண்டோம். அந்தக் கண்ணை எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் நிகழ்வை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பதால், மறுவாரம் வகுப்பு முழுவதற்குமாக 'அமைதி விளையாட்டு' ஒன்றை வைத்தோம். இதுவும் மாண்டிசோரி வகுப்புகளில் உள்ளதே. அனைவரும் ஓசையின்றி அமர்ந்திருக்க, ஆசிரியை பின்னால் நின்று ஒவ்வொருவர் பெயரையும் மெல்லிய குரலில் அழைப்பார். அழைக்கப்பட்டவர் எழுந்து வரவேண்டும். அவனை மட்டும் தனியே சோதிப்பது போலத் தோன்றக்கூடாது என்பதற்காகவே இந்த வழி. பத்தொன்பது பேர் வந்தார்கள். ஒரு சிறுமி வெட்கப்பட்டு எழவில்லை, ஆனால் திரும்பிச் சிரித்தாள். இவன் பக்கத்துப் பிள்ளைகளின் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாள் கழித்துச் செய்தபோதும் அப்படியே. ஆசிரியை முன்னால் வந்து, அதே மெல்லிய குரலில் உதடு தெரியும்படி அழைத்ததும் உடனே எழுந்தான்.

இவை மருத்துவச் சோதனைகள் ஆகா. ஆனால் குடும்பத்திடம் பேசுவதற்குப் போதுமான காரணம் என்று மூவரும், இம்முறை உதவியாளரையும் சேர்த்து, முடிவு செய்தோம்.

செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் வரை: குடும்பம்

முதல் சந்திப்பு நன்றாக அமையவில்லை. "எம்புள்ளைக்குக் காது கேக்காதுன்னு சொல்றீங்களா டீச்சர்?" என்று தாய் கேட்டபோது, ஆசிரியை 'இல்லை' என்றும் 'ஆமாம்' என்றும் சொல்ல முடியாமல் தடுமாறினார். அப்பத்தாவுக்குச் சந்தேகமே இல்லை: "இவங்கப்பனும் நாலு வயசு வரைக்கும் வாயத் தொறக்கல. தீவாளி வெடிக்கு இவன் ஓடி ஒளியிறான், காது கேக்காமயா ஓடுவான்?"

அவர் சொன்னது கவனிக்கத்தக்க வாதம். பல வீடுகளில் இதே வாதம்தான் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறது. காது கேட்பது, கேட்காதது என இரண்டே நிலைகள் உண்டு என்று நினைப்பவருக்கு, வெடிச் சத்தம் கேட்கும் குழந்தைக்குக் குறையிருக்க முடியாது. லேசான அல்லது நடுத்தரக் கேட்டல் குறையில் வெடியும் கதவு அறைவதும் கேட்கும்; மெல்லிய பேச்சும், தூரத்துப் பேச்சும், சொற்களின் கடைசி ஒலிகளும்தான் நழுவும். தமிழில் இந்த நழுவலுக்கு விலை அதிகம்: நம் மொழியில் உருபுகள் சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்கின்றன. 'பெட்டிய எடு' என்பதும் 'பெட்டில போடு' என்பதும் முதல் பாதியில் ஒன்றே. இந்தச் சிறுவன் பொருளைப் பெட்டிக்குள் போடச் சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான். சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று வீட்டில் அதற்கு அடியும் வாங்கியிருக்கிறான்.

அந்தச் சந்திப்பில் வேறு இரண்டு செய்திகளும் கிடைத்தன. இரவில் குறட்டை விடுகிறான் என்பது ஒன்று. சளி பிடித்தால் அப்பத்தா பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயைக் காதில் விடுவார் என்பது மற்றொன்று. அதை நிறுத்திவைக்கும்படி கேட்டுக்கொண்டோம். மருத்துவரிடம் காட்டச் சொல்லி, நாங்கள் கண்டவற்றைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். குறை என்ற சொல்லை அந்தத் தாளில் எங்கும் பயன்படுத்தவில்லை.

ஐந்து வாரங்கள் எதுவும் நடக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டால் பள்ளியை விட்டே நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சத்தில் ஆசிரியை ஒருமுறைதான் நினைவூட்டினார். அது சரியா என்பதில் எங்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. கடைசியில் மனம் மாறியவர் தந்தை. தீபாவளி முடிந்த வாரத்தில் ஓர் இரவு மின்சாரம் போயிற்று. இருட்டில் பக்கத்தில் படுத்திருந்த மகனிடம், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார், பதில் இல்லை. தூங்கிவிட்டான் என்று நினைத்துச் செல்பேசி விளக்கைப் போட்டால், விழித்திருக்கிறான். விளக்கு வெளிச்சத்தில் அதையே கேட்டதும் "வேணும்" என்றான். விளக்கை அணைத்துவிட்டு வேறொன்று கேட்டார். மீண்டும் பதில் இல்லை. மறுநாள் காலை, சந்தையிலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்து எந்த மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்று கேட்டார்.

மதுரையில் ஓர் அரசு மருத்துவமனையின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் நவம்பர் மூன்றாம் வாரம் பரிசோதனை நடந்தது. ஒலி கேட்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வளையத்தைக் குச்சியில் மாட்டும் விளையாட்டு வழியாகவே சிறு குழந்தைகளின் கேட்கும் திறனை அளக்கிறார்கள். இவனுக்கு இரண்டு காதுகளிலும் ஏறத்தாழ 35 டெசிபல் அளவு குறைவு இருந்தது. செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரி சோதனையில் இரு காதுகளுக்கும் தட்டையான கோடு வந்தது. செவிப்பறைக்குப் பின்னால், நடுக்காதில் பிசுபிசுப்பான நீர் கோத்திருக்கிறது. மூக்கின் பின்புறம் அடினாய்டு என்ற திசு பெருத்திருக்கிறது. வலியோ காய்ச்சலோ இல்லாமல் வருவதால் இது எளிதில் கண்ணில் படாது. செவிப்பறைக்கு வெளியே ஊற்றிய எண்ணெய் அந்த நீரைத் தொடவே முடியாது. சிறு குழந்தைகளில் இந்நிலை மிகப் பரவலானது, பெரும்பாலோருக்கு மூன்று மாதத்துக்குள் தானாகவே வடிந்துவிடும் என்று விளக்கிய மருத்துவர், பிப்ரவரியில் மறுபரிசோதனைக்கு வரச் சொன்னார்.

காத்திருந்த மூன்று மாதங்களில் வகுப்பறை

வகுப்பறையின் கூரை தகரம். இரண்டு பழைய மின்விசிறிகள், அவற்றில் ஒன்று கடகடவென்று அடிக்கும். கதைப் பாய் விரிக்கப்பட்டிருந்தது சரியாக அதற்குக் கீழேதான். காற்று வரும் என்பதற்காக நாங்களே தேர்ந்தெடுத்த இடம். குழந்தைக்கு எல்லா மூலைகளும் திறந்திருக்கின்றன என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த மூலை அவனுக்கு ஜூன் மாதத்திலிருந்தே மூடிக் கிடந்தது.

பாயைச் சுவரோரம் மாற்றி, கீழே கயிற்றுப் பாயும் பின்னால் கெட்டித் துணித் திரையும் போட்டோம். ஆசிரியை சன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவதை விட்டு, வெளிச்சம் தன் முகத்தில் படும்படி உட்கார்ந்தார். கதையில் வரும் பொருள்களைக் கையில் எடுத்துக் காட்டினார். சிறுவனிடம் பேசும் முன் தோளைத் தொட்டு, இரண்டடித் தொலைவில், குரலை உயர்த்தாமல் பேசுவது என்று முடிவாயிற்று. அவனைப் பாய்க்கு அழைப்பது தினமும் நடந்தது. வராவிட்டால் கட்டாயம் இல்லை. டிசம்பர் நடுவில் வாரத்துக்கு இரண்டு நாள் வந்தான். கதை முழுவதும் இருந்தது ஒரே நாள்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த குழந்தைகளுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் தவிர வேறு பேச்சில்லை. யாரும் சொல்லாமலே கட்டைகளால் ஒரு வாடிவாசல் எழுந்தது. ஒருவன் வருணனையாளன், நால்வர் மாடுகள், மற்றவர்கள் பிடிப்பவர்கள். ஆசிரியை செய்ததெல்லாம் கூடுதலாகச் சில கட்டைகளும் துண்டுகளும் கொடுத்ததும், பரிசு எழுதக் கேட்டபோது அட்டை கொடுத்ததும்தான். 'அண்டா', 'சைக்கிள்' என்ற சொற்களைக் கேட்டு வாங்கி எழுதினார்கள். ஆறு மாத எழுத்துப் பயிற்சியில் கிடைக்காத ஆர்வம் அதில் இருந்தது. எங்கள் சிறுவன் மாடாக நின்றான். 'விட்டாச்சு' என்ற அழைப்பு அவனுக்குக் கேட்காமல் இரண்டு முறை வாசலிலேயே நின்றுவிட்டான். மூன்றாம் முறை, வாசலில் நின்ற சிறுமி தன் சிவப்புத் துண்டைக் கீழே வீசினாள், அவன் பாய்ந்தான். அதன் பிறகு எல்லா மாடுகளுக்கும் துண்டு வீசுவதே விதியாயிற்று. எங்களுக்கு நான்கு மாதம் பிடித்த ஒன்றை அவள் ஒரு காலைப் பொழுதில் கண்டுகொண்டாள்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை: விளைவு

மறுபரிசோதனையில் மாற்றம் இல்லை. மார்ச் முதல் வாரத்தில் அடினாய்டை அகற்றி, இரு செவிப்பறைகளிலும் கிராமெட் எனப்படும் நுண்ணிய குழாய்களைப் பொருத்தினார்கள். அவை சில மாதங்கள் முதல் ஓராண்டுக்குள் பெரும்பாலும் தானாகவே விழுந்துவிடும்; அதுவரை மருத்துவர் சொன்னபடி தொடர் பரிசோதனை உண்டு.

பத்து நாள் கழித்து வகுப்புக்கு வந்தவன் முதலில் கேட்டது மின்விசிறியைப் பற்றி: "டீச்சர், அது ஏன் கத்துது?" தண்ணீர் மூலையில் குழாயைத் திறந்து மூடிக்கொண்டே வெகுநேரம் நின்றான். முதல் வாரத்தில் வகுப்பின் இரைச்சல் தாங்காமல் இருமுறை காதைப் பொத்திக்கொண்டு அழுதான். அதற்கு நாங்கள் தயாராக இருக்கவில்லை. ஏப்ரலில் ஒலிப் பெட்டிகளில் ஐந்து இணைகளைச் சேர்த்தான். ரவையும் மணலும் இன்னும் குழம்பின. பேச்சில் வயதொத்த பிள்ளைகளை எட்டவில்லை. வாக்கியங்கள் நீண்டிருக்கின்றன, உருபுகள் பாதிதான் வருகின்றன. பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை போகிறார்கள்; தந்தையின் சவாரியைப் பொறுத்துச் சில வாரங்கள் விட்டுப்போகின்றன.

ஏப்ரல் கடைசி வாரக் குறிப்பு ஒன்று: 'கதைப் பாய்க்கு வந்தான். நரி வரும் இடம் வரை கேட்டான். எழுந்து மணலுக்குப் போனான். ஏன் என்று கேட்டேன். "இந்தக் கத தெரியும்" என்றான்.' அன்று அவன் மணலைத் தேர்ந்தெடுத்தான் என்று எழுத எனக்குத் தயக்கம் இல்லை.

மாற்றியவை

குறிப்பேட்டில் நான்காவது கட்டம் ஒன்று வந்திருக்கிறது: எங்கே வரவில்லை. இரண்டு வாரம் தொடர்ந்து ஒரே இடத்துக்கு வராத குழந்தையைப் பற்றி மூவரும் உட்கார்ந்து பேச வேண்டும். அந்த இடம் குழந்தைக்கு எட்டுகிறதா என்று முதலில் பார்த்த பிறகே விருப்பம் என்ற சொல்லைப் பயன்படுத்தலாம். குறிப்பேட்டில் உதவியாளரும் எழுதுகிறார். எழுதத் தயங்கும் நாளில் அவர் சொல்லச் சொல்ல ஆசிரியை எழுதுகிறார்.

அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு வந்து பரிசோதிக்க, 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்கிரமம் என்ற அரசுத் திட்டம் வழி செய்கிறது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு அது ஆண்டுக்கு ஒருமுறை உண்டு. இத்தகைய தனியார் நர்சரிகள் அந்த வரம்புக்குள் வருவதில்லை. கட்டணம் கட்டிப் படிக்கும் இந்தக் குழந்தை, தெருவின் மறுமுனையிலுள்ள பால்வாடியில் சேர்ந்திருந்தால் முன்னதாகவே மருத்துவரின் பார்வைக்கு வந்திருக்க வாய்ப்பு உண்டு. எனவே சேர்க்கைப் படிவத்திலேயே குறட்டை, அடிக்கடி சளி, தொலைக்காட்சி ஒலியளவு பற்றிய மூன்று கேள்விகள் சேர்க்கப்பட்டன. அமைதி விளையாட்டு ஜூன் மாதத்திலும், சளிக்காலம் முடிந்து செப்டம்பரிலும் நடத்தப்படும். இந்தக் குறை சளியோடு வந்து போவதால் ஒருமுறை பார்த்தது போதாது.

புதிய ஆண்டின் ஜூன் மாத விளையாட்டுக்குப் பிறகு இரண்டு குழந்தைகளை மருத்துவரிடம் அனுப்பினோம். ஒருவருக்குக் காதில் குறும்பி அடைத்திருந்தது, எடுத்ததும் சரியாயிற்று. மற்றவரின் வீட்டார் இன்னும் போகவில்லை. ஆசிரியை இம்முறை வாரம் ஒருமுறை கேட்டுக்கொண்டிருக்கிறார்.